கடைவாய்ப் பல் முளைக்கும் வயதில் மென்மையான புரத உணவுகள்

ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு துண்டுக் கோழிக்கறியை வாயில் வாங்கி, நெடுநேரம் சப்பி, சாறு முழுவதையும் உறிஞ்சிய பின் சக்கையைத் துப்பிவிடும்போது, அதற்குக் கறி பிடிக்கவில்லை என்று பெற்றோர் முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவன்று. முன்பற்களால் கடிக்க முடியுமே தவிர அரைக்க முடியாது. அரைக்கும் வேலைக்கு உரிய முதல் கடைவாய்ப் பற்கள் பொதுவாக 13 முதல் 19 மாதங்களுக்குள்ளும், இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 23 முதல் 33 மாதங்களுக்குள்ளும்தான் முளைக்கின்றன. ஆகவே ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைக்குப் புரதம் கொடுப்பதில், எந்த உணவு என்பதைப் போலவே, அதை எவ்வளவு மென்மையாக ஆக்கித் தருகிறோம் என்பதும் முக்கியமானது.

சமைப்பதற்கு முன் அளவைப் பற்றிய கவலையைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இந்த வயதில் ஒரு நாளைக்குச் சுமார் 13 கிராம் புரதம் போதும். அதாவது உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராமும், 100 மில்லி பாலில் 3 கிராமுக்குச் சற்று மேலாகவும், வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராமும், எலும்பில்லாத வெந்த கோழிக்கறி 30 கிராமில் 8 கிராம் அளவுக்கும் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையும், ஒரு டம்ளர் பாலும், இரண்டு மூன்று கரண்டி பருப்பும் வயிற்றுக்குள் போய்விட்டால் அன்றைய தேவை நிறைவேறிவிடும். ஆரோக்கியமான குழந்தைக்குப் புரத மாவு டப்பாக்கள் தேவைப்படுவதில்லை. பாலையே நம்பியிருப்பதும் சரியன்று. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு வெகுவாக மேல் பால் குடிக்கும் குழந்தை மற்ற உணவுக்குப் பசியில்லாமல் இருப்பதோடு, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இரத்தசோகைக்கும் ஆளாகக்கூடும்.

புரத உணவுகள் கடினமாவதற்குப் பெரும்பாலும் அளவுக்கு மீறிய சூடே காரணம். சூடு ஏற ஏறப் புரத இழைகள் இறுகித் தமக்குள் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. வறண்ட முட்டைப் பொரியலும், நார் நாரான கோழி நெஞ்சுக்கறியும் அப்படித்தான் உருவாகின்றன. மிதமான தீ, போதிய ஈரம், உரிய நேரம் ஆகிய மூன்றையும் கவனித்தால் பெரும்பாலான உணவுகள் குழந்தையின் ஈறுகளுக்கே வசப்படும். பதம் சரிதானா என்று அறிய, ஒரு துண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்திப் பாருங்கள். சிரமமின்றி நசுங்கினால் கொடுக்கலாம், வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் வேக வேண்டும்.

இந்த வயதுக்கு உரிய உணவுகளுள் முட்டைக்குத்தான் நான் முதலிடம் தருவேன், ஏனெனில் அதன் பதம் முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஒரு முட்டையை நுரை வராமல் அடித்து, அதன் அளவைப் போல இரு மடங்கு, அதாவது சுமார் 100 மில்லி, வெதுவெதுப்பான பாலோ தண்ணீரோ கலந்து, வடிகட்டி, சிறிய கிண்ணங்களில் ஊற்றி மூடி, மெல்லிய தீயில் 8 முதல் 12 நிமிடங்கள் ஆவியில் வைத்தால், கரண்டி பட்டாலே பிளக்கும் மென்மையில் அது உறைந்து வரும். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருந்தால் தீ அதிகமாக இருந்தது என்று பொருள். இதே முட்டையை ஒரு தேக்கரண்டி பால் சேர்த்து வெண்ணெயில் மெதுவாகக் கிளறியும் கொடுக்கலாம். ஆனால் எந்தப் பகுதியும் நீர்த்து நிற்காமல் முழுவதும் உறைந்திருக்க வேண்டும், ஏனெனில் வேகாத முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். அவித்த மஞ்சள் கருவை அப்படியே ஊட்டினால் மாவுபோல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு குழந்தையைத் திணறச் செய்யும் என்பதால், சிறிது தயிரிலோ வெண்ணெயிலோ குழைத்துக் கொடுப்பதே நல்லது.

பருப்பைப் பொறுத்தவரை பலரும் செய்யும் ஒரு பிழையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வெந்த பருப்பின் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் வடித்து ஊட்டினால் வயிறு நிறையும், புரதம் சேராது. புரதம் அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. கறி வேகவைத்த சூப்புக்கும் இது பொருந்தும். தோல் நீக்கிய பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மூன்று மடங்கு தண்ணீரில் குழைய வேகவிட்டு, மத்தாலோ கரண்டியாலோ மசித்துக் கெட்டியாகவே கொடுங்கள். தக்காளி, புளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள்களை முதலிலேயே சேர்த்தால் பருப்பு வேகாமல் விறைத்து நிற்கும். எனவே நன்றாகக் குழைந்த பிறகே சேர்க்க வேண்டும். அப்படிக் கடைசியில் பிழியும் எலுமிச்சைச் சாற்றில் உள்ள வைட்டமின் சி, பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக ஏற்கவும் உதவுகிறது.

கொண்டைக்கடலை, ராஜ்மா போன்ற முழுப் பயறுகளை இரவு முழுவதும் ஊறவைத்து, விரலில் நசுங்கும்வரை வேகவைத்துத் தோலை உரித்து மசிக்க வேண்டும்; உருண்டையாக அப்படியே கொடுத்தால் தொண்டையில் அடைக்கும். ராஜ்மாவில் இயற்கையாகவே லெக்டின் என்னும் ஒரு நச்சுப்புரதம் இருப்பதால், ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுவது அவசியம். கொதி வராத இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்தாலும் அந்த நச்சு அழியாது. புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களுள், பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியங்களில் போதிய அளவிலும், தானியங்களில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் நிறையவும் இருப்பதால், அசைவம் சேர்க்காத குடும்பங்களில் குழந்தை இரண்டையும் உண்ண வேண்டும். ஒரே வேளையில் என்றில்லை, ஒரே நாளில் இரண்டும் சேர்ந்தால் போதும்.

கோழிக்கறியில் நெஞ்சுப் பகுதியைவிடத் தொடைப் பகுதி குழந்தைக்கு ஏற்றது. தொடையில் கொழுப்பும் கொலாஜன் எனப்படும் இணைப்புத் திசுவும் கூடுதல். மெல்லிய கொதியில் 40 நிமிடங்களுக்கு மேல் வேகும்போது அந்தக் கொலாஜன் கூழ்போலக் கரைந்து இழைகளைப் பிரித்துவிடுகிறது. வெந்த கறியை இழைக்குக் குறுக்காகப் பொடியாக நறுக்கி, வேகவைத்த சாற்றிலேயே நனைத்து, மசித்த உருளைக்கிழங்கோடோ பூசணிக்காயோடோ கலந்தால் விழுங்குவது எளிதாகும். ஆட்டுக்கறியையும் மாட்டுக்கறியையும் கொத்துக்கறியாக வாங்கி, பாலில் ஊறிய ரொட்டித் துண்டைப் பிசைந்து சேர்த்துச் சிறு உருண்டைகளாக்கிக் குழம்பில் வேகவைத்து, உடைத்துக் கொடுக்கலாம். ரொட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உருண்டை இறுகுவதில்லை. எவ்வளவு மென்மை வேண்டுமென்றாலும் கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டியிருக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் இளஞ்சிவப்பு தெரியக் கூடாது.

மீனை மென்மையாக்கப் பாடுபட வேண்டியதில்லை, ஆவியில் சில நிமிடங்கள் வைத்தால் தானாகவே மடல் மடலாகப் பிரியும். உழைப்பெல்லாம் முள் எடுப்பதில்தான்: கண்ணால் மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு மடலையும் விரலால் தடவி, மசித்துப் பார்த்த பிறகே ஊட்டுங்கள். சுறா, வாள்மீன் போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடலாம்.

கட்டித் தயிர், உதிரும் பன்னீர், மென்மையான டோஃபு என்னும் சோயா பன்னீர் ஆகியவற்றுக்குச் சமையலே வேண்டாம். கடையில் கிடைக்கும் பழச்சுவைத் தயிரில் சர்க்கரை சேர்ந்திருக்கும் என்பதால், வெறும் தயிரை வாங்கி வீட்டிலேயே பழத்தை மசித்துக் கலப்பது மேல். வேர்க்கடலையையும் பாதாமையும் முழுதாகவோ உடைத்தோ இந்த வயதில் கொடுக்கவே கூடாது. மழமழவென அரைத்த விழுதாக, ரொட்டியில் மிக மெல்லிசாகத் தடவியோ கஞ்சியில் கரைத்தோ கொடுக்கலாம். கரண்டியில் அள்ளிய கெட்டி விழுது தொண்டையை அடைத்துவிடும்.

முட்டை, வேர்க்கடலை, மீன், சோயா முதலியவற்றை முதன்முறை கொடுக்கும்போது ஒவ்வொன்றாக, சிறிதளவில், பகல் நேரத்தில் கொடுத்துக் கவனியுங்கள். உடலில் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி ஆகியவை தோன்றினால் மருத்துவரிடமும், மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசரச் சிகிச்சைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். உண்ணும் நேரம் முழுவதும் குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் குழந்தையின் பின்னால் கிண்ணத்தோடு போய் ஊட்டுவது அடைப்புக்கு வழிசெய்யும்.

மென்மை என்றதும் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிவிடுபவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: மெல்லுதல் பழகிப் பெறும் திறன், கூழை மட்டுமே விழுங்கிய குழந்தைக்கு அது கைவராது. ஒரு வயதில் கரண்டியால் மசித்ததில் தொடங்கி, கடைவாய்ப் பல் எட்டிப்பார்க்கும்போது முள்கரண்டியால் நசுக்கிய சிறு கட்டிகளுக்கும், இரண்டு வயதை ஒட்டி விரலால் எடுத்து உண்ணும் மெத்தென்ற துண்டுகளுக்கும் மெல்ல நகர வேண்டும். புதிய பதத்தைக் குழந்தை முதலில் துப்பத்தான் செய்யும். பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில உணவுகள் அதற்குப் பழகும் என்பதால், ஒரு தேக்கரண்டி அளவில் மீண்டும் மீண்டும் வைத்துக்கொண்டே இருங்கள்; வாயைத் திறக்க மறுத்தால் அந்த வேளையை அதோடு விட்டுவிடுங்கள். பல வாரங்களாக எடை கூடாமல் இருந்தாலோ, விழுங்கும்போதெல்லாம் புரையேறினாலோ அதை அடம் என்று தள்ளிவிடாமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒவ்வொரு வேளையும் இவ்வளவு சிறிய அளவில் சமைப்பது கடினம் என்பதால், மசித்த பருப்பையும் சாற்றில் நனைந்த கறியையும் சிறு கிண்ணங்களில் பிரித்து, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாள்களுக்குள் தீர்த்துவிடலாம். எடுத்த கிண்ணத்தை ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, இறுகியிருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துக் கொடுங்கள். குழந்தையின் எச்சில் பட்ட மிச்சத்தை மறுவேளைக்கு எடுத்துவைக்க வேண்டாம்.