பசிபிக் கரையோர மலைப்பாதையில் முதல் சைக்கிள் சவாரி: வைல்டர் ராஞ்சில் தொடங்குங்கள்

ஊரில் வாடகை சைக்கிள் எடுத்து, குரங்கு பெடல் போட்டு, முட்டியைத் தேய்த்துக் கற்றுக்கொண்ட ஓட்டம் உடம்பைவிட்டுப் போவதில்லை. கலிபோர்னியாவுக்கு வந்த பிறகு மவுண்டன் பைக் ஏறும் நம் ஆட்கள் அந்தத் தைரியத்தில்தான் ஏறுகிறார்கள். அந்தப் பழக்கத்தில் முக்கால்வாசி இங்கேயும் உதவும். மீதிக் கால்வாசி ஆளைக் கீழே தள்ளும். அதை மலையில் வைத்துத் திருத்திக்கொள்ள முடியாது. சமதரையிலேயே திருத்திவிட வேண்டும். அதற்கு சான்டா குரூஸ் பக்கத்தில் இருக்கும் வைல்டர் ராஞ்ச் மாநிலப் பூங்காவைப் போல வசதியான இடத்தை நான் பார்த்ததில்லை. ஒரே வாசலில் இறங்கினால் ஒரு பக்கம் கடல் ஓரமாகத் தட்டையான மண்பாதை, மறுபக்கம் மலை.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

சான் ஹோசே பக்கம் இருப்பவர்கள் 17-ஆம் நெடுஞ்சாலையில் மலையைத் தாண்டி சான்டா குரூஸ் வந்து, அங்கிருந்து 1-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். ஊர் எல்லை முடிந்ததும் இடப்பக்கம் பூங்கா வந்துவிடும். பழைய பால்பண்ணை இது. அந்தக் காலத்து வீடும் தொழுவங்களும் இன்னும் நிற்கின்றன. கோடையில் காலை நேரம் மூடுபனி கவிந்திருக்கும், காற்று குளிரும். மெல்லிய மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஈரக் களிமண்ணில் டயர் பதிந்த தடம் காய்ந்து கல்லாகிவிடும். அடுத்து வருகிறவர் சக்கரம் அதில் மாட்டும், அடுத்த மழைத் தண்ணீரும் அதே தடத்தில் ஓடிப் பாதையை அரிக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்த பிறகு போவதுதான் பாதைக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாம் படி: வண்டி

உடனே வாங்க வேண்டாம். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியை வாடகைக்கு எடுத்தால் போதும். சீட்டில் உட்கார்ந்து பெடலைக் கீழே மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். ஓட்டும்போதே சீட்டை இறக்க ஹேண்டில்பாரில் ஒரு லீவர் இருந்தால் நல்லது, இறக்கத்தில் மிகவும் உதவும்.

காற்று விஷயத்தில் ரோட்டுப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கல்லுப்போல் அடித்துவைத்த டயர் மண்ணில் துள்ளும், பிடிக்காது. 70 கிலோ எடையுள்ளவர் டியூப் இல்லாத அகல டயரில் முன்னால் 22 முதல் 25 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம், பின்னால் 25 முதல் 28 வைத்துத் தொடங்கலாம். டியூப் உள்ள டயர் என்றால் மூன்று நான்கு கூட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கல்லில் இடித்து டியூப் நசுங்கிப் பங்சராகும்.

ஹெல்மெட், கிளவுஸ், மாற்று டியூப், பம்ப், இரண்டு லிட்டர் தண்ணீர். ஹெல்மெட் இல்லாமல் பார்க்கிங்கைக்கூடச் சுற்றாதீர்கள்.

மூன்றாம் படி: பிரேக் எந்தக் கையில்?

அவசரமில்லாமல் படிக்க வேண்டிய பகுதி இது.

நம் ஊர் சைக்கிளில் வலது கை லீவர் முன்சக்கரத்துக்கு, இடது கை லீவர் பின்சக்கரத்துக்கு. பைக் ஓட்டியவர்களுக்கும் வலது கை முன்பிரேக்தான். அமெரிக்காவில் விற்கும் சைக்கிளில் இது அப்படியே மாறியிருக்கும்: இடது கை முன்சக்கரம், வலது கை பின்சக்கரம். தெரிந்திருந்தால் போதுமே என்று தோன்றும். போதாது. ஆபத்து வரும்போது மூளையைக் கேட்டுக்கொண்டு கை அழுத்துவதில்லை.

என் இரண்டாவது சவாரியில் நடந்தது இது. வைல்டர் மலையிலிருந்து இறங்கும்போது ஒரு காடைக் கூட்டம் குறுக்கே ஓடியது. இருபது வருடப் பழக்கத்தில் இடது கை இறுக்கிப் பிடித்தது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டது, நான் ஹேண்டில்பாருக்கு மேலே போய் விழுந்தேன். வலது மணிக்கட்டு ஆறு வாரம் கட்டில் இருந்தது.

அதனால் பார்க்கிங்கை ஒட்டிய மண்ணிலேயே இதைச் செய்யுங்கள். இடது லீவரில் சிவப்பு டேப் ஒன்று சுற்றுங்கள். நடை வேகத்தில் ஓட்டி, வலது லீவரை மட்டும் ஒரே விரலால் அழுத்தி, பின்சக்கரம் இழுபடுவதை உணருங்கள். இருபது தடவை. பிறகு இடது லீவரை மெல்ல, மிக மெல்ல. வண்டியை உண்மையில் நிறுத்துவது முன்பிரேக்தான், ஏனென்றால் பிரேக் பிடிக்கும்போது எடை பெரும்பாலும் முன்னால் சாய்கிறது. அதைக் கண்டு பயந்து ஒதுக்கக் கூடாது, அளந்து பிடிக்கப் பழக வேண்டும். கடைசியாக இரண்டையும் சேர்த்து அழுத்தி, நண்பரை ‘நில்’ என்று கத்தச் சொல்லி, திடீரென்று நிறுத்திப் பாருங்கள். கை தயங்காத வரைக்கும் மலைப்பக்கம் போக வேண்டாம்.

நான்காம் படி: கடலோரம்

பார்க்கிங்கிலிருந்து ஓல்ட் கோவ் லேண்டிங் பாதை கடல் பாறை விளிம்பை நோக்கிப் போகிறது. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் செங்குத்தாகக் கீழே கடல். பாறைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும், சில நாள் சீல்கள் படுத்திருக்கும். பார்க்க ஆசை வந்தால் இறங்கி நின்று பாருங்கள். கண் போகும் பக்கம்தான் வண்டியும் போகும். இந்த விளிம்பில் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

இங்கே பழக வேண்டியது நிற்கும் நிலை. சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் சம மட்டத்தில் இருக்க, குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். இடுப்பை மடக்குங்கள், முழங்கைகளை வெளிப்பக்கம் விரியுங்கள். எடை எல்லாம் பாதத்தில், ஹேண்டில்பாரில் கை இளகியிருக்க வேண்டும். பெடல் ஒன்று கீழே தொங்கினால் கல்லில் இடித்துக் கவிழ்க்கும். பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம். நாலைந்து வண்டி நீளம் தள்ளி இருக்கட்டும். பாதை ஓலோனி பிளஃப் பாதையாக நீள்கிறது. முடிந்த அளவு போய்த் திரும்புங்கள். முதல் நாளுக்கு இவ்வளவே நிறைவு.

ஐந்தாம் படி: சுரங்கம் தாண்டி ஏற்றம்

இரண்டாவது தடவை வரும்போது பண்ணை வீடுகளைக் கடந்து, நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் சுரங்கத்தில் நுழையுங்கள். அந்தப் பக்கம் மலை. முதலில் வைல்டர் ரிட்ஜ் சுற்றின் அகல மண்சாலை. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரை லேசாக்கிவிடுங்கள். பாதி ஏற்றத்தில் கால் திணறும்போது மாற்றினால் செயின் கதறும், சில நேரம் அறுந்தும் போகும். உட்கார்ந்தே மிதியுங்கள். சரிவு செங்குத்தாகும்போது சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்துங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடி இழந்து வழுக்கும். முடியாத இடத்தில் தள்ளிக்கொண்டு போகலாம், இங்கே எல்லாரும் செய்வதுதான்.

மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் மான்டரே விரிகுடா முழுக்கக் கண்ணில் விழும். பனி விலகிய நாளில் எதிர்க்கரை மலையும் தெரியும்.

ஆறாம் படி: இறக்கம்

சீட்டை இறக்குங்கள். கடலோரத்தில் பழகிய அதே நிலை, இடுப்பு மட்டும் கொஞ்சம் பின்னால். ரொம்பப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகித் திசை கேட்காது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, வெளியேறும் இடத்தைப் பாருங்கள்.

இறக்கம் முழுக்க பிரேக்கை அழுத்தியபடியே வராதீர்கள். சூடேறிப் பிடி குறையும். இந்த விளையாட்டு பிறந்த கதையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் மலையில் பழைய கனத்த சைக்கிள்களை இறக்கத்தில் ஓட்டியவர்கள் 1976 அக்டோபர் 21 அன்று ஒரு பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக் அவை. கீழே வருவதற்குள் உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்து எரிந்துவிடும், ஒவ்வொரு தடவையும் கழற்றி மறுபடி அடைக்க வேண்டியிருந்தது. ‘மறுபடி அடைப்பது’ என்ற பொருளில்தான் அந்தப் பந்தயத்துக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக்கின் முன்னோடிகளான ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள். உங்கள் டிஸ்க் பிரேக் அதைவிட எவ்வளவோ தாங்கும்; ஆனாலும் அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு வாருங்கள்.

யாருக்கு வழி விடுவது

நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்தான் ஒதுங்க வேண்டும். இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழி விட வேண்டும். மலைப்பக்கப் பாதைகளில் குதிரைகள் வரும். பார்த்ததும் நின்று, மேலிருப்பவரிடம் சத்தமாக வணக்கம் சொல்லுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை அவ்வளவாக மிரளாது.

ஒற்றையடிப்பாதையில் ஓரச் செடியை உரசாதீர்கள். பாய்சன் ஓக் என்ற செடி இங்கே எங்கும் உண்டு: பளபளப்பாக மும்மூன்று இலை, இலையுதிர் காலம் நெருங்கும்போது சிவப்பு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த குச்சியிலும் அதே எண்ணெய் இருக்கும். நம் ஊர் சேங்கொட்டையின் குடும்பம் என்றால் புரிந்துவிடும். பட்ட இடம் அப்படியே கொப்பளிக்கும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கால் தேய்த்துக் குளித்து, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். கிளவுஸையும் ஹேண்டில்பாரையும் மறக்காதீர்கள். முட்டிக்குப் பின்னால், இடுப்புப் பட்டையில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜேன் கிரே குறுக்குப்பாதையும் ரெட்வுட் காட்டுக்குள் போகும் என்சான்டட் சுற்றும் பெயரைக் கேட்டே ஆசை வரும். கற்கள், பாறைச் சரிவுகள், செங்குத்து இறக்கம் எல்லாம் அங்கே உண்டு. வைல்டர் ரிட்ஜ் இறக்கத்தை மூன்று முறையாவது கால் ஊன்றாமல் வந்த பிறகு அந்தப் பக்கம் திரும்புங்கள். அன்றும், பார்க்கிங்கில் பிரேக்கை இருபது தடவை அழுத்திப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். என் வண்டியில் சிவப்பு டேப் இன்னும் இருக்கிறது.