முகத்தைப் பார்த்து வேஷம் கொடுக்காதீர்கள்: மாயாஜால கேம் கதைகளுக்கு நடிகர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாளும் மந்திரமும் நிறைந்த வீடியோ கேம் ஒன்றின் கதையை நடிகர்களை வைத்துக் குறும்படமாக எடுக்க வேண்டும் என்ற ஆசையோடு, வேலூரிலும் காட்பாடியிலும் படிக்கும் மாணவர்கள் அவ்வப்போது என்னிடம் ஆலோசனை கேட்க வருகிறார்கள். கேமரா வாடகை, கிராபிக்ஸ், படப்பிடிப்புக்கு ஏற்ற மலை, காடு ஆகியவற்றைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்தவர்கள், நடிகர் தேர்வை மட்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில், பெரும்பாலும் புகைப்படங்களைப் பார்த்தே முடித்துவிட்டிருப்பார்கள். படம் பாதி தோற்றுப்போவது அந்த மாலையில்தான். நானும் அதே தவறைச் செய்து வருந்தியவன் என்பதால், எங்கெங்கே சறுக்கும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு, கேமில் வரும் முகத்துக்கு ஒத்த முகத்தைத் தேடி அலைவது. 'தி விட்சர் 3', 2018-ல் வந்த 'காட் ஆஃப் வார்' போன்ற கேம்களில் கேமரா எங்கே நிற்கிறது என்று கவனித்துப் பாருங்கள். நாயகனின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறது. ஐம்பது மணி நேரம், நூறு மணி நேரம் ஆடிய ஒருவர் மனத்தில் பதிந்திருப்பது அந்தப் பாத்திரத்தின் மூக்கும் தாடையும் அல்ல. தோள்கள் அசையும் விதம், களைத்துப்போய் மேட்டில் ஏறும்போது உடல் சாயும் கோணம், சண்டை முடிந்ததும் வாளை உறையில் போடும் கை ஆகியவைதான். அந்த ரசிகர் படத்தைப் பார்த்து 'இது அவன் இல்லை' என்று முகம் சுளிப்பதும் பெரும்பாலும் நடையைப் பார்த்துத்தான். ஆனால் காரணம் கேட்டால் முகத்தைத்தான் சொல்வார்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் எடுத்த இருபது நிமிடப் படத்தில், வெள்ளை முடியும் முதுகில் வாளுமாக ஊர் ஊராக அலையும் வேட்டைக்காரன்தான் நாயகன். கேமில் உள்ள முகத்தை அச்சில் வார்த்ததுபோல் தாடையும் கன்னமும் அமைந்த இளைஞர் ஒருவர் கிடைத்ததும், வேறு யாரையும் பார்க்காமல் அவரையே முடிவு செய்துவிட்டோம். பாலாற்று மணலில் முதல் நாள் படப்பிடிப்பு. நீண்ட வாளை முதுகு உறையிலிருந்து முழுவதுமாக உருவ மனிதக் கையின் நீளம் எளிதில் போதாது. உடலைச் சற்று முன்னே சாய்த்து, மற்றொரு கையால் உறையின் அடியைப் பிடித்துக் கீழே இழுத்தால்தான் ஒருவாறு வெளியே வரும். அவருக்கு அது மாலை வரை கைகூடவில்லை. ஒருமுறை வாளின் கைப்பிடி விக்கில் சிக்கி, வெள்ளை முடி பாதி பெயர்ந்து காதில் தொங்கியது. மணலில் கால் புதையும்போதெல்லாம் அவர் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அச்சம் அறியாத வேட்டைக்காரன் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தவன், ஆற்றில் செருப்பைத் தொலைத்தவன்போலத் தெரிந்தான். குற்றம் அவர்மேல் இல்லை. தேர்வின்போது அவரை ஒருமுறைகூட நடந்து காட்டச் சொல்லாதவர்கள் நாங்கள்தான்.

அதன் பிறகு அந்த வேஷத்தை ஏற்றவர், செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்து ஆடும் குடும்பத்தைச் சேர்ந்த இளைஞர். கேம் நாயகனின் சாயல் துளியும் இல்லாத உருண்டை முகம். ஆம்பூரில் தோல் துண்டுகளை வாங்கித் தைத்து வைத்திருந்த மார்புக் கவசத்தை அவரிடம் கொடுத்தோம். அதை அவர் உடனே மாட்டிக்கொள்ளவில்லை. பழைய வேட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டாகக் கிழித்து, நான்காக மடித்து இரு தோள்களிலும் வைத்து, அதன் மேல் கவசத்தை ஏற்றி, கயிற்றை மார்புக்குக் குறுக்கே இழுத்துக் கட்டச் சொன்னார். இரண்டு முறை குதித்துப் பார்த்துவிட்டு, முடிச்சை ஒரு விரற்கடை கீழே இறக்கச் சொன்னார். மறுபடி குதித்தார். "இப்பதான்ணா ஒடம்போட ஒட்டுச்சு" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கே நின்றாலும், கேமரா முதுகுப் பக்கம் இருந்தாலும், அங்கே வேட்டைக்காரன்தான் நின்றான்.

இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. 1989-ல் பிரிக்கப்படும் வரை வட ஆற்காட்டில் இருந்த புரிசை உள்ளிட்ட ஊர்களில் வளர்ந்த கூத்தில், மரத்தால் செய்த கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோள் அணியும் மார்புப் பதக்கமும் அணிந்துதான் துரியோதனனும் கர்ணனும் இரவு முழுவதும் ஆடுகிறார்கள். அந்தக் கனத்தைத் தாங்கிக்கொண்டு பாடவும் சுழலவும் முடிந்தவருக்கே, மர அணிகள் பூணும் கட்டை வேஷம். முகத்தை அரிதாரம் பார்த்துக்கொள்ளும். மாயாஜால கேம் கதைக்கும் இதே கணக்குதான் பொருந்துகிறது.

திரைத்துறையின் பெரிய உதாரணம் ஒன்றும் இதையே காட்டுகிறது. 2013-ல் வந்த கேமை ஒட்டி 2023-ல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடர் மாயாஜாலக் கதை அல்ல. ஆனாலும் இங்கே பேச வேண்டியது. அதில் எல்லி என்ற சிறுமியாக நடிக்க பெல்லா ராம்சே தேர்வானபோது, கேமில் உள்ள முகம் இது இல்லையே என்ற எதிர்ப்பு வலுவாக எழுந்தது. தொடர் வந்தபின் அதே வேடத்துக்காக அவர் எம்மி விருதுப் பரிந்துரை பெற்றார். கேமில் எல்லிக்குக் குரலும் அசைவும் தந்த ஆஷ்லி ஜான்சனை, தொடரில் எல்லியின் தாயாக நடிக்கவைத்ததும் நல்ல யோசனை என்றே நான் கருதுகிறேன். பழைய பாத்திரத்தை நேசித்தவர்களுக்கு அது ஒரு மரியாதையாக அமைந்தது. புதிய நடிகருக்கும் இடைஞ்சல் இல்லை.

அடுத்த தவறு, குரலை டப்பிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிடுவது. கூத்தில் முக்கியமான வேஷம் அவைக்கு வரும்போது இருவர் திரை பிடிப்பார்கள்; திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், சதங்கை ஒலிக்கும், பாட்டு கேட்கும்; முகம் பிறகுதான். நடிகர் தேர்வையும் இதே வரிசையில் நடத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் குரலை மட்டும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு விளக்கைப் பின்னால் வைத்து, உருவம் நிழலாகத் தெரியும்படி நடக்கச் சொல்லுங்கள். முகத்தைக் கடைசியில் பாருங்கள். டப்பிங் கலைஞரால் வார்த்தையை மாற்ற முடியும். திரையில் இருப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குவதை மாற்ற முடியாது. மூச்சு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போனால், காரணம் தெரியாமலேயே பார்ப்பவர் மனம் விலகிவிடும்.

தமிழில் எடுக்கும்போது இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நம் பகுதியில் தமிழோடு தெலுங்கும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தக்கினி உருதுவும் வீட்டுமொழியாக இருக்கின்றன. நடிக்க வருபவர்களின் தமிழில் அந்த ஓசை இயல்பாகவே கலந்திருக்கும். அது குறை அன்று, மாயாஜால உலகத்துக்குக் கிடைத்த செல்வம். ஆனால் ஒரே அரண்மனையில் வளர்ந்த அண்ணன் தங்கை இருவரும் வெவ்வேறு ஓசையில் பேசினால் கதை நொறுங்கிவிடும். எந்த நாட்டார் எப்படிப் பேசுவார்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே வகுத்துக்கொள்ள வேண்டும். அப்படி வகுக்கும்போது, அரக்கர் கூட்டத்துக்கு என்று நம் ஊர் மக்கள் ஒரு பிரிவினரின் பேச்சைக் கொடுத்துவிடக் கூடாது. அதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

பேசாத நாயகர்களும் உண்டு. 'லெஜண்ட் ஆஃப் செல்டா' கேம்களின் நாயகன் லிங்க் குரல் எடுத்து வசனம் பேசுவதில்லை. அந்தக் கதையின் திரைப்படத்துக்குப் பெரிய நட்சத்திரங்களைத் தேடாமல், பெஞ்சமின் இவான் ஐன்ஸ்வொர்த், போ பிராகசன் என்ற இளையவர்களைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். இத்தகைய பாத்திரத்துக்கு இரண்டு பக்க வசனத்தைக் கொடுத்து ஆடிஷன் எடுப்பது வீண் வேலை. எதிரில் ஒருவர் பேச, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை மூன்று நிமிடம் படம் பிடியுங்கள்; கேட்பது முகத்தில் தெரியும் நடிகர் போதும்.

நிறத்தைப் பற்றி மனம் திறந்து பேச வேண்டியிருக்கிறது. மாயாஜால உலகம் என்றவுடன் வெளுத்த தோல்தான் வேண்டும் என்று நம் பிள்ளைகளே தேடுவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. கூர்காது கொண்ட வனவாசியாக நடிக்கத் தகுதியான மாணவி ஒருவரை, கறுப்பாக இருக்கிறார் என்பதற்காகவே ஒரு குழு தட்டிக்கழித்ததை நேரில் கண்டிருக்கிறேன். 2010-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' படத்தில் பாரசீக இளவரசனாக அமெரிக்க நடிகர் ஜேக் கில்லென்ஹால் நடித்ததற்குக் கண்டனம் எழுந்ததை நினைவில் கொள்ளலாம். கற்பனை நாட்டுக்கு எந்தத் தோல்நிறமும் பொருந்தும். செய்ய வேண்டியது ஒன்றுதான்: சிலிக்கோன் காதை நடிகரின் நிறத்துக்குக் கலந்து வார்க்க வேண்டும், இளஞ்சிவப்பாக விற்கும் ஆயத்தக் காதை வாங்கி ஒட்டிவிட்டு, பொருந்தவில்லை என்று நடிகரை மாற்றக் கூடாது.

உடையும் வெயிலும் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியவை. கத்திரி வெயிலில் வேலூர் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். கண்ணில் லென்ஸ், தலையில் விக், உடம்பில் தோல் கவசம் என்று இருக்கும்போது நடிக்க முடிகிறதா என்பதைப் படப்பிடிப்பு நாளில் கண்டுபிடிக்கக் கூடாது. முடிவு செய்வதற்கு முன் ஒரு முற்பகல் முழுவதும் உடையோடு இருக்கவைத்துப் பாருங்கள். குடிநீரும் நிழலும் உங்கள் பொறுப்பு. ஒவ்வாமை இருக்கிறதா என்று பசையைக் கையில் சிறிது தடவிப் பார்ப்பதும், பயிற்சி பெறாதவர் கையில் தேர்வன்றே கனமான வாளைக் கொடுக்காமல் இருப்பதும் தவிர்க்கக்கூடாத முன்னெச்சரிக்கைகள்.

மனிதரல்லாத பாத்திரங்களைக் கிராபிக்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று யாராவது ஒருவரை நிறுத்திவிடுவதும் தவறு. 2016-ல் வந்த 'வார்கிராஃப்ட்' படத்தில் ஓர்க் என்னும் அரக்க இனத்தின் தலைவன் டுரோட்டானாக, நடிகரின் அசைவைப் பதிந்து கிராபிக்ஸ் உருவத்துக்குக் கொடுக்கும் மோஷன் கேப்சர் முறையில் டோபி கெபெல் நடித்தார்; அந்தப் பெரிய பல்லுக்கும் பழுப்புத் தோலுக்கும் அடியில் ஒரு தந்தையின் கவலையைக் கொண்டுவந்தது நடிகரின் முகம்தான்.

பெயர்பெற்ற முகம் கிடைத்தால் படம் ஓடும் என்று நம்புவோருக்கு 2024-ல் வந்த 'பார்டர்லேண்ட்ஸ்' படத்தைச் சொல்வேன். கேட் பிளான்செட், கெவின் ஹார்ட் என்று பெரும் பெயர்கள் இருந்தும் செலவைக்கூடத் திரையரங்கில் மீட்கவில்லை. திறமை இல்லாதவர்கள் அல்லர். பொருத்தத்துக்கு முன் பெயர் தேடப்பட்டது என்பது என் கருத்து. நம் அளவில் இது, நிறையப் பேர் பின்தொடரும் ரீல்ஸ் பிரபலம் ஒருவரை நாயகனாக்குவது என்ற வடிவில் வருகிறது. அவருக்குக் கால்ஷீட் இருக்காது, கேமும் தெரிந்திருக்காது.

கேம் தெரிந்திருப்பது மட்டுமே போதும் என்றும் சொல்லமாட்டேன். 2019-ல் தொடங்கிய 'தி விட்சர்' தொடரில் நாயகனாக நடித்த ஹென்றி கேவில் அந்த கேம்களை ஆடி விரும்பியவர். அந்த விருப்பம் அவர் நிற்பதிலும் பேசுவதிலும் தெரிந்தது. ஆனால் அவர் நடிகராகவும் இருந்தார். மூன்று பருவங்களுக்குப் பின் அவர் விலக, 2025-ல் வந்த நான்காம் பருவத்தில் லியாம் ஹெம்ஸ்வொர்த் அதே வேடத்தில் வந்தார். மாணவர் குழுக்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். தேர்வு வரும், வேலை கிடைத்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவார்கள். ஆகவே எத்தனை நாள், என்ன சம்பளம், சம்பளமே இல்லையா என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கொடுங்கள். நடையையும் வாள் பிடிக்கும் முறையையும் வீடியோவாகப் பதிந்து வையுங்கள். பாரதக் கூத்தில் ஓர் இரவு கர்ணனாக வந்தவர் அடுத்த ஊரில் வராமல் போனாலும், கிரீடமும் அடவும் பாட்டும் அதே என்பதால் ஊரார் கர்ணனை அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

கடைசிக் கட்டத்தில் இருவர் மூவர் எஞ்சி நிற்கும்போது நான் செய்வது இதுதான். உடை முழுவதையும் அணிவித்து, கேமராவை இயக்காமல், அரை மணி நேரம் தரையில் உட்காரச் சொல்வேன். டீ வரும், பேச்சு நடக்கும், எல்லோரும் இயல்பாகிவிடுவார்கள். பிறகு, ஷாட் தயாராகிவிட்டது என்று குரல் கொடுப்பேன். கவசத்தையும் வாளையும் ஒதுக்கிக்கொண்டு அவர் எப்படி எழுந்து நிற்கிறார் என்பதை மட்டும் பார்ப்பேன்.