கன்ட்ரி ரோட்ஸ்: நாலு கார்ட் பாட்டில் நழுவும் இடங்கள்

கிதார் வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே பலரும் கையில் எடுக்கும் பாட்டு, ஜான் டென்வர் 1971இல் பாடி வெளிவந்த ‘டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்’. பெரும்பாலும் நாலே கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. வந்துவிட்டது என்று நினைத்துவிடுவதில்தான் வில்லங்கம். பாதிப் பேர் இதைச் சோகப் பாட்டாக்கி இழுக்கிறார்கள். பாட்டில் இருப்பவர் வீட்டை நினைத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். கீழே வரும் தவறுகளில் பல, இதை மறப்பதால் வருபவை.

கார்ட் பெயர்களை எல்லாம் ஜி சுருதி வடிவங்களில் சொல்கிறோம். ஒலிப்பதிவு இருப்பது ஏ சுருதியில், நம் கணக்கில் ஆறு கட்டை. இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகக் கட்டு) கேபோ என்னும் கவ்வியைப் போட்டு ஜி வடிவங்களைப் பிடித்தால் அதே சுருதி கிடைக்கும்.

எடுப்பைத் தவறவிடுவது

அதிகம் பேர் விழும் பள்ளம் இது. முதல் சொல்லோடு முதல் கார்டையும் அடித்துவிடுகிறார்கள். இந்தப் பாட்டு அதீத எடுப்பு. தாளம் விழும் முன்பே வார்த்தை தொடங்கிவிடும். பல்லவியில் ‘கன்ட்ரி’ என்பது முந்தைய பாரின் (நாலு அடி கொண்ட தாளப் பகுதி) கடைசியில் வர வேண்டும். ‘ரோட்ஸ்’ என்னும்போதுதான் ஜி விழும். அடுத்து ‘டேக் மீ’ முன்னால் ஓட, ‘ஹோம்’ மேல் டி. சரணத்திலும் இதே கணக்கு. முதல் சொல் ‘ஆல்மோஸ்ட்’ தாளத்துக்கு முன்னால், அடுத்த சொல்லின் முதல் அசையில் கார்ட்.

இதைச் சரிசெய்யக் கிதாரைக் கீழே வைத்துவிடுங்கள். தொடையில் நாலு நாலாகத் தட்டிக்கொண்டு பல்லவியைப் பாடுங்கள். ஒவ்வொரு ஒன்றாம் தட்டும் ரோட்ஸ், ஹோம், ப்ளேஸ், ‘பிலாங்’கின் இரண்டாம் அசை என்று விழுகிறதா பாருங்கள். இது பழகாமல் கிதாரை எடுத்தால், வலது கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும்.

சரணத்தின் வரிசையைப் பல்லவியிலும் போடுவது

சரணம்: ஜி, இ மைனர், டி, பிறகு ஒரே பாருக்குள் சி இரண்டு அடி, ஜி இரண்டு அடி. இது இருமுறை.

பல்லவி: ஜி, டி, இ மைனர், சி, ஜி, டி, சி, ஜி. எட்டு பார், ஒவ்வொன்றும் முழு நாலு அடி.

இரண்டிலும் அதே நாலு கார்ட், ஆனால் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் மாறிக் கிடக்கின்றன. சரணத்தை நாலு தரம் பாடிப் பழகிய விரல், பல்லவியில் ‘ஹோம்’ வரும்போது தானாக இ மைனருக்குப் போய்விடும். கேட்பவருக்கு ஏதோ உறுத்தும். என்னவென்று சொல்லத் தெரியாது. சரணத்தில் இரண்டாவதாக மைனர் வந்து குரலைக் கொஞ்சம் உள்ளே இழுக்கிறது. பல்லவியில் நேராக டி-க்குப் போவதால் பாட்டு வெளியே திறக்கிறது. அந்தத் திறப்பு போனால் பல்லவியே போயிற்று.

ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி சொல்லித்தருவதுண்டு. மோதிர விரலையும் சுண்டு விரலையும் முதல் இரண்டு கம்பிகளின் (மிக மெல்லியதே முதல் கம்பி) மூன்றாவது ஃப்ரெட்டிலேயே ஊன்றிக்கொண்டு, மற்ற விரல்களை மட்டும் மாற்றுவது. கைக்கு எளிது. ஆனால் எல்லாக் கார்டிலும் ஒரே இரண்டு சுரம் ஒலித்துக்கொண்டே இருப்பதால், டி-யின் தெளிவு மங்கிவிடும். மாற்றம் பழகும்வரை வைத்துக்கொள்ளலாம், மேடைக்கு வேண்டாம்.

அந்த ஒரு எஃப் கார்டை விழுங்குவது

காலை வேளையில் அவள் குரல் கேட்கிறது என்று தொடங்கும் நடுப்பகுதியில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. இங்கே ஒரு பாருக்குள் இரண்டு கார்ட் வந்து போகும்:

இ மைனர், டி | ஜி | சி, ஜி | டி |
இ மைனர், எஃப் | சி, ஜி | டி | டி செவன்

இரண்டாம் வரியில் வரும் எஃப், பாட்டில் வேறெங்கும் இல்லை. ஜி ஸ்கேலுக்குள் அது சேரவும் சேராது. அதனாலேயே பலர் ‘அச்சுப்பிழை’ என்று நினைத்து அந்த இடத்தில் டி-யையோ சி-யையோ அடிக்கிறார்கள். ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அமுக்கும் பாரே பிடிக்கச் சோம்பல்பட்டு இ மைனரிலேயே நிற்பவர்களும் உண்டு.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதுவரை பாட்டு காகலி நிஷாதத்தோடு சங்கராபரணமாக ஓடுகிறது. எஃப் வந்ததும் கைசிகி நிஷாதம் நுழைந்து, ஒரு கணம் ஹரிகாம்போதியை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புகிறது. சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே ‘நேற்றே வீட்டில் இருந்திருக்க வேண்டும்’ என்ற நினைப்பு வருகிறதே, அந்த வரியில் ‘சாலை’ என்ற சொல்லின் மேலேயே இது விழுகிறது. தரை கொஞ்சம் நகர்ந்தது போல் இருக்கும். இருக்க வேண்டும்.

ஆறு கம்பியையும் அமுக்கும் பாரே தேவையில்லை. நான்காம் கம்பி மூன்றாவது ஃப்ரெட், மூன்றாம் கம்பி இரண்டாவது ஃப்ரெட், முதலிரண்டு கம்பிகளையும் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலால் சேர்த்து அமுக்கினால் போதும். கேபோ போட்டிருந்தால் ஃப்ரெட்டை அதிலிருந்து எண்ணுங்கள். கீழ்ஸ்தாயி ஐந்தாம், ஆறாம் கம்பிகளை அடிக்கக் கூடாது. இ மைனர், எஃப், சி, ஜி நான்கையும் இரண்டிரண்டு அடியாக, நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் சுற்றிச் சுற்றிப் பழகுங்கள். முழுப்பாட்டையும் பத்துத் தடவை வாசிப்பதைவிட இந்த எட்டு அடி அதிகம் கொடுக்கும்.

இன்னொரு குழப்பம்: ஏ சுருதியில் எழுதிய தாளில் இதே இடத்தில் ஜி என்று இருக்கும். ஜி சுருதித் தாளில் எஃப். இணையத்தில் இரண்டு தாளை எடுத்துக் கலந்து வாசிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வேகமும் வலது கையும்

நிமிடத்துக்குச் சுமார் 82 அடி. சில செயலிகள் 164 என்று காட்டும். அது இரட்டிப்புக் கணக்கு, பயப்பட வேண்டாம். 70க்குக் கீழே போனால் வண்டி நின்றுவிடும்.

எல்லாக் கம்பியையும் மேலும் கீழும் வழித்துக்கொண்டே இருப்பதும் தவறு. ஒன்றாம், மூன்றாம் அடிகளில் தடித்த பேஸ் கம்பி ஒன்று மட்டும். இரண்டாம், நான்காம் அடிகளில் கீழே இருக்கும் மெல்லிய கம்பிகளை லேசாக ஒரு தட்டு. ஜி-க்கும் இ மைனருக்கும் ஆறாம் கம்பி, பிறகு நான்காம் கம்பி. சி-க்கு ஐந்து, நான்கு. டி-க்கு நான்கு, ஐந்து. ஒரு பாருக்குள் இரண்டு கார்ட் வரும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஸ், ஒரு தட்டு, அவ்வளவுதான் இடம்.

கேபோவை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல், அதற்குச் சற்று முன்னால், கிதாரின் தலைப் பக்கமாகப் போட வேண்டும். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் போட்டால் கம்பி இரையும். போட்ட பிறகு சுருதியைத் திரும்பப் பார்க்காமல் தொடங்காதீர்கள். இறுக்கத்தில் சுருதி ஏறியிருக்கும். ஆறு கட்டை குரலுக்குச் சரிவராவிட்டால், பல்லவியை முழுக் குரலில் பாடிப் பார்த்து கேபோவை நகர்த்துங்கள். சரணத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. அது தாழ்வாகவே இருப்பதால் ஏமாற்றிவிடும்.

அசையும் கமகமும்

நாம் ‘வெஸ்ட் வெர்ஜீனியா’ என்று எழுதிப் படிக்கும்போது ஐந்து அசை: வெஸ்ட், வெர், ஜீ, னி, யா. பாட்டில் நாலுதான்: வெஸ்ட், வெர், ஜின், யா. கார்ட் ‘ஜின்’ மேல் விழும். ஐந்தாகப் பாடினால் அடுத்த வரி தாமதமாகிவிடும். இந்தப் பாட்டை எழுதத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் டேனாஃப், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்காரர். சொந்த மாநிலத்தின் பெயரையே போடலாமா என்றுகூட யோசித்தவர். அதிலும் நாலு அசை.

ஊர்ப் பெயரை மாற்றிப் பாட ஆசைப்படுபவர்களும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். ஜமைக்காவின் டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ் குழு ‘வெஸ்ட் ஜமைக்கா’ என்று மாற்றியது கச்சிதமாக உட்கார்ந்தது. நம் பக்கம் ‘யாழ்ப்பாணம்’ மூன்றே அசை, இழுக்க வேண்டியிருக்கும். ‘திருநெல்வேலி’ ஐந்து, இடிக்கும். ஆனால் பேச்சில் சொல்வது போல் ‘தின்னவேலி’ என்று பாடிப் பாருங்கள்: நாலு அசை, மூன்றாவதான ‘வே’ சரியாகத் தாளத்தில். நண்பர்கள் வட்டத்தில் பாடுவதற்குச் சரி. முழுப்பாட்டையும் தமிழாக்கி வெளியிடுவதென்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

நீண்ட சுரங்களில் குரல் தானாகக் கமகம் போடும் நம்மவர் பழக்கம் இங்கே ஒத்துவராது. ‘ஹோம்’ அசையாத கார்வை. நேராகப் பிடித்து, முடிவில் மூச்சோடு விட்டால் போதும்.

சொல்லைத் தவறாகப் பிடிப்பது

‘மூன்ஷைன்’ நிலா வெளிச்சம் இல்லை. மலைக்காட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சும் சாராயம். அதன் ருசி கண்ணில் நீர் வரவைக்கிறது என்கிறது பாட்டு. அதைப் பௌர்ணமி என்று மொழிபெயர்த்தால் வரி முழுக்கப் பிசகிவிடும். நீலத் தண்ணீர் அறியாதவள் என்று வருவது, கடற்கரை இல்லாத அந்த மாநிலத்தை. சுரங்கத் தொழிலாளியின் பெண்மணி, மலையம்மா எல்லாம் அந்த மண்ணைத்தான் குறிக்கின்றன. நிலக்கரி வெட்டும் ஊர். இதைக் காதலிக்காகப் பாடுவதாக அறிமுகம் செய்யாதீர்கள். ‘கன்ட்ரி’ என்பதை நாட்டுப்புறப் பாடல் என்று சொல்வதும் சரியில்லை. அது அமெரிக்க வணிக இசையில் ஒரு வகை. அந்த வகைக்கான பில்போர்டு இதழின் தரவரிசைப் பட்டியலில் இந்தப் பாட்டு 50ஆம் இடத்தைத் தாண்டவில்லை. பொதுப் பட்டியலில்தான் 2ஆம் இடம்.

‘மேற்கு வெர்ஜீனியாச் சாலையில் பிறந்த பாட்டு’ என்று சொல்வதையும் விட்டுவிடலாம். டேனாஃபும் அவரோடு எழுதத் தொடங்கிய டாஃபி நிவர்ட்டும் மேரிலாந்தின் க்ளாப்பர் சாலையில் காரில் போகும்போது உருவான வரிகள் இவை. 1970 டிசம்பர் இறுதியில் வாஷிங்டனில் டென்வரும் அவர்களோடு சேர்ந்து முடித்தார். அங்கேயே செல்லர் டோர் அரங்கில் முதலில் பாடினார்கள். பாட்டில் வரும் ப்ளூ ரிட்ஜ் மலையும் ஷெனண்டோவா ஆறும் பெரும்பாலும் பக்கத்து வெர்ஜீனியாவில் இருப்பவை. மேற்கு வெர்ஜீனியாவின் கிழக்கு ஓரத்தை மட்டும் தொட்டுச்செல்கின்றன. அங்கே ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் அந்த ஆறு பொட்டோமாக்கில் கலக்கிறது. இதற்காக அந்த மாநிலத்தார் கோபித்துக்கொள்ளவில்லை. 2014இல் இதை அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக்கிவிட்டார்கள். அவர்கள் பல்கலைக்கழக அணி ஜெயித்தால், மைதானத்தில் தோளோடு தோள் கோத்துப் பாடுவது இதைத்தான்.

முடிப்பு

கடைசியில் பல்லவி திரும்ப வந்து, இறுதி வரியை மட்டும் இன்னும் இருமுறை பாட வேண்டும். பல்லவிக்குள் அந்த வரி சி-யிலிருந்து ஜி-க்கு இறங்கும். கடைசி இரண்டு முறையும் டி-யிலிருந்து ஜி. பழக்கத்தில் சி-யை அடித்துவிட்டால் பாட்டு முடிந்தது போலவே இருக்காது, கேட்பவர்கள் இன்னொரு சரணத்துக்குக் காத்திருப்பார்கள். டி-யில் வேகத்தைக் குறைக்காமல் வந்து, ஜி-யை ஒரே தட்டில் விட்டு, கம்பியை அமுக்காமல் தானாக ஓயவிடுங்கள்.