அத்தியாயம் மாறி ஓடிய மெமரி கார்டு: என் அனுபவம்

கென்யா, உகாண்டா, ருவாண்டா என்று நாடு மாறி ஊழியம் செய்யும் எங்கள் குழு, வேதாகம ஒலிப்பதிவை மெமரி கார்டில் ஏற்றிக் கிராமங்களில் கொடுக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் கீபேட் போனிலோ சின்ன சோலார் பிளேயரிலோ போட்டுக் கேட்பார்கள்.

உகாண்டாவில் ஒரு ஜெபக்குழுவில் லுகாண்டா மொழிப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. லூக்கா 15-ம் அத்தியாயம் முடிந்ததும் 3-ம் அத்தியாயம் வந்தது. இளைய குமாரன் வீடு திரும்பிய கையோடு யோவான் ஸ்நானன் யோர்தான் கரையில் பிரசங்கிக்கிறார்! அதே கார்டு என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது.

கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் மாற்றினேன். டிராக் எண்களைத் திருத்தினேன். வேறு கார்டும் வாங்கிப் பார்த்தேன். பல நாள் இதிலேயே போயிற்று.

விஷயம் என்னவென்றால், மலிவு பிளேயர்கள் பல, கோப்பின் பெயரையே பார்ப்பதில்லை. கார்டில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் ஓட்டும். லேப்டாப் பெயர்வாரியாக அடுக்கிக் காட்டுவதால் இது நம் கண்ணில் படாது.

கார்டை ஃபேட்32 (FAT32) என்ற கோப்பு அமைப்பு முறையில் பார்மட் செய்து, அத்தியாயங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படி காப்பி செய்தேன். சரியாகிவிட்டது, அப்பாடா! நிறைய கார்டு இருந்தால் லினக்ஸ் கணினியில் ஃபேட்சார்ட் (FATSort) என்ற இலவச நிரல் கார்டில் உள்ள கோப்புகளின் வரிசையைப் பெயர்வாரியாகச் சரிசெய்துவிடும்.

அப்புறம், மேக் கணினியில் காப்பி செய்தால் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் மறைவான கோப்புகளும் ஒட்டிக்கொண்டு வரும். சில பிளேயர்கள் அவற்றையும் ஓட்டப் பார்த்து அப்படியே நின்றுவிடும். அழித்துவிட்டுக் கொடுங்கள்.