பென் ட்ரைவை எந்த வகையாகத் திறப்பது: லினக்ஸுக்கு வரிசை சொல்லிக்கொடுத்தல்

கல்லடியில் எங்கள் கொமினிகேஷனுக்கு பிரின்ட் எடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் பென் ட்ரைவ்தான். கடைக் கணினியில் ஓடுவது லினக்ஸ். தவணைப் பரீட்சை நேரம் ஒரு ரீச்சர் வினாத்தாளோடு வந்தார். திறந்து பார்த்தால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அலைக்குறியும் இலக்கமும் போட்ட குட்டைப் பெயர்கள். "தம்பி, வைரஸா?" என்று பதறிவிட்டார்.

வைரஸ் இல்லை, என் கைவேலை. நான் எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்டில், ட்ரைவை ஓர் அடைவோடு இணைத்துத் திறக்கும் 'மவுண்ட்' கட்டளைக்கு, கோப்பு முறைமையின் வகையைச் சொல்லும் 'ஹைபன் டி' போட்டு, 'எம்எஸ்டாஸ்' முதலில், கமா, 'வீஃபேட்' பிறகு என்று கொடுத்திருந்தேன். மவுண்ட் அந்த வரிசையிலேயே முயன்று, முதலில் ஒத்துவருவதோடு நின்றுவிடும். எம்எஸ்டாஸ் ட்ரைவருக்கு 8 எழுத்துப் பெயரும் 3 எழுத்து நீட்சியும்தான் தெரியும். வீஃபேட்டை முன்னுக்குப் போட்டதும் தமிழ்ப் பெயர்கள் திரும்பி வந்தன.

உண்மையில் அங்கே நான் வகையே சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லாவிட்டால் மவுண்ட், டிஸ்க்கில் அதன் வகையைக் காட்டும் அடையாளத்தைப் படித்துத் தானே கண்டுபிடிக்கும். அது என்ன கண்டுபிடிக்கும் என்று முன்கூட்டியே பார்க்க 'எல்எஸ்பிஎல்கே ஹைபன் எஃப்' அடியுங்கள்.

அடையாளம் பிடிபடாவிட்டால்தான் பட்டியலுக்குப் போகும். முதலில் 'ஈடிசி' அடைவிலுள்ள 'ஃபைல்சிஸ்டம்ஸ்' கோப்பைப் பார்க்கும். அது இல்லையென்றால் 'ப்ராக்' அடைவில் அதே பெயரில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) காட்டும் பட்டியல். அதில் 'நோடெவ்', அதாவது டிஸ்க் தேவைப்படாதவை, என்று குறித்தவற்றைத் தொடாது. ஆகவே முயலும் வரிசை உங்கள் கையில் இருக்கவேண்டுமானால், ஈடிசி கோப்பை ரூட்டாக (நிர்வாகியாக) திறந்து, வரிக்கு ஒரு வகையாக எழுதுங்கள். கடைசி வரியில் தனியே ஒரு நட்சத்திரக் குறி போட்டால், உங்கள் பட்டியல் முடிந்தபின் கெர்னல் பட்டியலையும் முயலும். கடைக் கணினியில் நான் போடவில்லை. கண்டதையும் முயன்று பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

'எஃப்எஸ்டாப்' கோப்பில் எழுதியுள்ளவற்றை ஒரேயடியாகத் திறக்க 'மவுண்ட் ஹைபன் ஏ' கொடுக்கும்போது ஒரு வகையைத் தவிர்க்க, ஹைபன் டிக்குப் பிறகு வரும் பெயரின் முன்னால் 'நோ' ஒட்டினால் போதும்.

இவ்வளவும் செய்தும் மாற்றம் தெரியவில்லையா? டெஸ்க்டாப்பில் ஐகானைக் கிளிக் பண்ணித் திறப்பது பெரும்பாலும் 'யூடிஸ்க்ஸ்' என்ற பின்னணிச் சேவை வழியாக. அதற்கு ஈடிசிக்குள் 'யூடிஸ்க்ஸ்2' அடைவில் தனி அமைப்புக் கோப்பு உண்டு.

இன்னொன்று. பலமுறை ஃபோர்மட் பண்ணிய ட்ரைவில் பழைய அடையாளமும் மிஞ்சியிருந்தால், 'ஒன்றுக்கு மேற்பட்ட வகை தெரிகிறது' என்ற கருத்தில் பிழைச்செய்தி காட்டி மவுண்ட் மறுத்துவிடும். அப்போது ஹைபன் டி போட்டு வகையை நீங்களே சொல்லுங்கள். 'வைப்எஃப்எஸ்' கட்டளையை வெறுமனே அடித்தால் உள்ள அடையாளங்களைக் காட்டும், அவ்வளவுதான். 'ஹைபன் ஏ' சேர்த்தால் அந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் அழித்துவிடும். வாடிக்கையாளரின் ட்ரைவில் அதை நான் அடிப்பதே இல்லை.