டிஎன்எஸ் தடைப்பட்டியல் வினவல்கள் தவறும்போது எங்கே பார்க்க வேண்டும்

ஸ்பேம் வடிகட்டி திடீரென்று குப்பை மின்னஞ்சல்களை உள்ளே விடத் தொடங்கினாலும், நல்ல மின்னஞ்சல்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பத் தொடங்கினாலும், பலர் முதலில் கைவைப்பது வடிகட்டியின் மதிப்பெண் வரம்பில்தான். அதற்கு முன், தடைப்பட்டியல்களுக்கு (ஸ்பேமோடு தொடர்புடைய முகவரிகளின் பட்டியல்களுக்கு) மின்னஞ்சல் சர்வரிலிருந்து செல்லும் டிஎன்எஸ் (பெயர்களுக்கு ஐபி முகவரி தரும் அமைப்பு) வினவல்களுக்குச் சரியான பதில் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பதில் வராதபோது பெரும்பாலான மின்னஞ்சல் சர்வர்கள் "இந்த முகவரி பட்டியலில் இல்லை" என்பது போலவே நடந்துகொண்டு அஞ்சலை ஏற்றுக்கொள்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருள் அந்தத் தோல்வியை லாக்கில் ஓர் எச்சரிக்கை வரியாக எழுதிவைக்கும். ஆனால் அந்த வரியைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் பழுது வாரக்கணக்கில் தெரியாமலே கிடக்கலாம்.

வினவல் அமையும் விதம் எளிது. அஞ்சல் அனுப்பும் சர்வரின் ஐபி முகவரி 192.0.2.10 என்றால், அதன் நான்கு பகுதிகளையும் தலைகீழாக்கி 10.2.0.192 என்று எழுதி, அதன் பின்னால் பட்டியலின் டொமைன் பெயரைச் சேர்த்து, அந்தப் பெயருக்கு ஏ பதிவு (பெயருக்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) உண்டா என்று கேட்க வேண்டும். 127 என்று தொடங்கும் ஒரு முகவரி பதிலாக வந்தால் பொதுவாக அந்த ஐபி பட்டியலில் உள்ளது; அப்படியொரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் அது பட்டியலில் இல்லை. உரையைத் தாங்கும் டிஎக்ஸ்டி பதிவைக் கேட்டால் பட்டியலிட்ட காரணமும் பெரும்பாலும் கிடைக்கும்.

பழுதைத் தேடுவதற்கு இரண்டு சோதனை முகவரிகள் போதும். 2010இல் வெளியான ஆர்எஃப்சி 5782 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தின்படி, ஐபி முகவரிகளைப் பட்டியலிடும் எந்தத் தடைப்பட்டியலிலும் 127.0.0.2 இருந்தாக வேண்டும், 127.0.0.1 இருக்கவே கூடாது. எனவே டிஎன்எஸ் கேள்விகளைக் கேட்க உதவும் டிக் கட்டளையில் முதலில் 2.0.0.127 என்பதையும், அடுத்து 1.0.0.127 என்பதையும் பட்டியலின் பெயரோடு சேர்த்துக் கேளுங்கள். முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வினவல் பட்டியலைச் சென்றடையவில்லை, அல்லது வழியில் எங்கோ பதில் தொலைகிறது. இரண்டாவது கேள்விக்கும் முகவரி வந்தால், அந்தப் பட்டியல் எல்லாவற்றுக்கும் "உண்டு" என்கிறது, அல்லது இடையில் உள்ள ரிசால்வர் (நமக்காக டிஎன்எஸ் பதில்களைத் தேடித் தரும் சர்வர்) இல்லாத பெயர்களுக்கெல்லாம் சொந்தமாக ஒரு முகவரியைத் தருகிறது. முதல் சோதனை மட்டும் செய்துவிட்டு நிறைவடைவது ஆபத்தானது.

இந்தச் சோதனையை உங்கள் மேசைக் கணினியில் செய்வதில் பயனில்லை. மின்னஞ்சல் சர்வரிலேயே, அது பயன்படுத்தும் ரிசால்வர் வழியாகவே செய்ய வேண்டும். டிக் கட்டளையில் வேறொரு ரிசால்வரின் முகவரியைக் குறிப்பிட்டாலோ, ரிசால்வரைத் தவிர்த்து மூலச் சர்வர்களிலிருந்து தேடும் ட்ரேஸ் விருப்பத்தைச் சேர்த்தாலோ, வடிகட்டி செல்லும் பாதையை விட்டுவிட்டு வேறு பாதையைச் சோதித்தவர்களாவீர்கள். போஸ்ட்ஃபிக்ஸ் குரூட் அமைப்பில் (ஓர் அடைவுக்குள் மட்டும் அடைபட்டு) ஓடினால், அது படிப்பது தன் ஸ்பூல் அடைவுக்குள் இருக்கும் ரிசால்வர் கோப்பின் நகலை. அசல் கோப்பை மாற்றியபின் நகல் பழையதாகவே நின்றுவிட்டால், டிக் சரியாக வேலை செய்யும், போஸ்ட்ஃபிக்ஸ் செய்யாது. இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மாற்றிய பிறகு போஸ்ட்ஃபிக்ஸையும் ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டியையும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

இனி, மிக அதிகமாகக் காணப்படும் காரணத்துக்கு வருவோம். தடைப்பட்டியல்களை நடத்துவோர் இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பு வைக்கிறார்கள். அந்த வரம்பை உங்கள் சர்வரின் முகவரியை வைத்து அல்ல, கேள்வியைக் கொண்டுவரும் ரிசால்வரின் முகவரியை வைத்தே கணக்கிட முடியும். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால், உலகெங்கும் உள்ளவர்களின் கேள்விகளோடு உங்கள் கேள்வியும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். நாளுக்கு ஐம்பது அஞ்சல் மட்டும் பெறும் சிறிய சர்வருக்கும் அதனால் பதில் மறுக்கப்படும். ஸ்பாம்ஹாஸ் என்ற தடைப்பட்டியல் நிறுவனம் இப்படி மறுக்கும்போது 127.255.255.254 என்று பதில் தருகிறது. கேள்விகள் வரம்பை மீறினால் 127.255.255.255, பட்டியலின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் 127.255.255.252. அஞ்சலுக்குள் உள்ள இணைப்புகளின் டொமைன்களைப் பட்டியலிடும் யூஆர்ஐபிஎல்லோ மறுப்பதற்கு 127.0.0.1 என்ற பதிலைப் பயன்படுத்துகிறது. அப்போது ஸ்பேம்அசாசின் அஞ்சலின் தலைப்புப் பகுதியில் யூஆர்ஐபிஎல் பிளாக்ட் என்ற விதியின் பெயரைச் சேர்க்கும். அந்தப் பெயர் கண்ணில் பட்டால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை, ரிசால்வரைத்தான் மாற்ற வேண்டும்.

இந்த மறுப்புக் குறியீடுகளில் ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியலின் பெயரை மட்டும் எழுதியிருந்தால், எந்த ஏ பதிவு வந்தாலும் அதைப் "பட்டியலில் உண்டு" என்றே அது கொள்ளும். ஆகவே மறுப்புக் குறியீடு வரத் தொடங்கிய நிமிடத்திலிருந்து எல்லோருடைய அஞ்சலும் திருப்பி அனுப்பப்படும். அனுப்பியவருக்குச் செல்லும் செய்தியில் ஓப்பன் ரிசால்வர் (பொது ரிசால்வர்) என்ற சொற்கள் இருந்தால், குற்றம் அவர் பக்கம் இல்லை, உங்கள் பக்கம்தான். பட்டியலின் பெயரை அடுத்துச் சமக்குறியிட்டு, ஏற்கத்தக்க பதில்களை, ஸ்பாம்ஹாஸின் ஜென் பட்டியல் என்றால் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை என்று, வரையறுத்துவிட வேண்டும். இதை விருப்பத் தேர்வாக நினைக்காமல் கட்டாயமாகவே செய்யச் சொல்வேன்.

நிலையான தீர்வு, அன்பவுண்ட் அல்லது பைண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளை மின்னஞ்சல் சர்வரிலேயே நிறுவி, கேள்விகளை வேறெங்கும் கைமாற்றாமல் மூலச் சர்வர்களிலிருந்து தானே தேடிக்கொள்ளும்படி அமைப்பதுதான். அன்பவுண்டை நிறுவியவர்கள்கூட கேள்விகளைக் கைமாற்றும் ஃபார்வர்டர் பகுதியில் பொது ரிசால்வரின் முகவரியை விட்டுவைப்பதுண்டு. அப்படி விட்டால் நிறுவியதன் பலன் முழுவதும் போய்விடும். ஃபயர்வாலில் 53ஆம் போர்ட் யுடிபி, டிசிபி இரண்டுக்கும் வெளியே செல்லத் திறந்திருக்க வேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்களின் முகவரிகளிலிருந்து கேட்டால் சொந்த ரிசால்வருக்கும் மறுப்பு வரக்கூடும். ஸ்பாம்ஹாஸ் விஷயத்தில், பதிவுசெய்து சாவி பெற்று அதை வினவலோடு சேர்த்துக் கேட்பது அதற்கான வழி.

டிக் வெறுமையான பதிலைத் தந்து, வேறு வழியாகக் கேட்டால் மட்டும் முகவரி வருகிறதென்றால், டிஎன்எஸ் ரீபைண்டிங் தடுப்பைச் சந்தேகியுங்கள். வெளியிலிருந்து வரும் பதிலில் 127 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அதை நீக்கிவிடுவது அந்தப் பாதுகாப்பின் வேலை. தடைப்பட்டியலின் பதில்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கின்றன. டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய ரிசால்வர் மென்பொருளில் இதற்கென்றே ரீபைண்ட் லோக்கல்ஹோஸ்ட் ஓகே என்ற விலக்கு இருக்கிறது.

வினவல்கள் சரியாக இருந்தும் எதுவும் பிடிபடவில்லை என்றால், எந்த முகவரியைக் கேட்கிறோம் என்பதைப் பாருங்கள். முன்னால் ஒரு ரிலே சர்வர் (அஞ்சலை முதலில் வாங்கிக் கைமாற்றும் சர்வர்) நின்றால், வடிகட்டி அந்த ரிலேயின் முகவரியையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கலாம்; ஸ்பேம்அசாசினின் டிரஸ்டட் நெட்வொர்க்ஸ், இன்டர்னல் நெட்வொர்க்ஸ் அமைப்புகளில் அதைச் சேர்க்க வேண்டும். அமாவிஸ் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக ஸ்பேம்அசாசினை ஓட்டுபவர்கள், உள்ளூர்ச் சோதனைகள் மட்டும் என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மூடப்பட்ட பட்டியல்களை அமைப்பிலிருந்து நீக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள். 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓஆர்டிபி என்ற தடைப்பட்டியல், 2008 மார்ச்சில் எல்லா முகவரிகளுக்கும் "உண்டு" என்று பதில் தரத் தொடங்கியது. அதுவரை அதை நீக்காதிருந்தவர்களின் அஞ்சல் முழுவதும் நின்றது. சார்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. இரண்டு சோதனை முகவரிகளையும் ஒவ்வொரு பட்டியலிடமும் நாள்தோறும் கேட்டு, பதில் மாறினால் உங்களுக்கு அறிவிக்கும் ஒரு சிறிய ஸ்கிரிப்டைக் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) போட்டுவைத்தால், அடுத்த பட்டியல் மூடப்படும்போது பயனர்களின் புகாருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.