பழங்குடி அறிவை ஆய்வு செய்யப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு முடிவு செய்யும் நேரம் வந்தால் இரண்டு மூன்று பேராவது "பழங்குடி மருத்துவம் எடுத்துக்கிறேன் சார்" என்று வந்து நிற்பார்கள். எனக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் மலையேறுவதற்கு முன்பு அவர்கள் தயாரித்து வரும் படிவத்தைப் பார்த்தால் மனம் கலங்கிவிடும். தாவரத்தின் பெயர், பயன்படும் பாகம், தீரும் நோய், அளவு என்று நான்கு கட்டம். அந்தச் செடியை யார் பறிக்கலாம், எப்போது பறிக்கக் கூடாது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், வெளியாளிடம் சொல்லலாமா என்பதற்கெல்லாம் கட்டமே இருக்காது.

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். அந்த மக்களின் அறிவைக் கீழே கிடக்கும் விதையைப் பொறுக்கி எடுப்பதுபோல எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். அந்த அறிவுக்கு உரியவர்கள் உண்டு, அதைச் சொல்வதற்கு முறையும் உண்டு.

1987இல் கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள அகத்தியமலைக் காட்டுக்குத் தாவர ஆய்வுக்காகப் போன விஞ்ஞானிகளுக்கு அங்கே வாழும் காணிப் பழங்குடி மக்கள் வழிகாட்டினார்கள். ஏற்றத்தில் விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஏதோ சிறு காயை மென்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன காய் என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று தயங்கி, வற்புறுத்திய பிறகுதான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பக்கத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதன் இலையிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுவதும் முன்மாதிரியாகப் பேசப்பட்ட ஏற்பாடு அது.

மாணவர்கள் பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். காணி மக்களிடையே வைத்தியம் பார்ப்பவர்களைப் பிலாத்தி என்பார்கள். தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்கக் கூடாது என்று பிலாத்திகள் ஒன்பது பேர் 1995இல் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். வழிகாட்ட வந்த இரண்டு மூன்று பேர் சொன்னால் அது சமூகமே கொடுத்த சம்மதமாகிவிடுமா? அதே மலையின் தமிழ்நாட்டுப் பக்கம், காரையாறு, சேர்வலாறு பகுதியிலும் காணிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அறக்கட்டளையின் பெயரிலோ 'கேரள' என்றிருந்தது. ஒருவரிடம் கையெழுத்து வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கும் மாணவரிடம் நான் இந்தக் கதையை முழுவதுமாகச் சொல்வேன். வனத்துறை கொடுக்கும் அனுமதி காட்டுக்குள் நுழைவதற்கு மட்டுமே. ஊரின் சம்மதத்தை ஊரில்தான் கேட்க வேண்டும். மறுபடி போகும்போது மறுபடியும் கேட்க வேண்டும்.

அடுத்தது, "அழிவதற்குள் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட வேண்டும்" என்ற அவசரம். எண்ணம் நல்லதுதான். மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமை 1997இல் ரத்தானதற்கு நம்மிடம் எழுத்து ஆதாரம் இருந்ததே காரணம். வாய்மொழியாக மட்டும் இருக்கும் அறிவுக்கு அந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. ஆனால் செடி, பாகம், அளவு, கிடைக்கும் இடம் என்று எல்லாவற்றையும் ஆய்வேட்டில் அச்சிட்டுவிட்டால் எந்த நிறுவனமும் யாரையும் கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திவிடக்கூடும். எழுதினாலும் சிக்கல், எழுதாவிட்டாலும் சிக்கல். எதை எழுதலாம் என்று முடிவு செய்யும் உரிமை மாணவருக்கும் இல்லை, ஆய்வு வழிகாட்டியான எனக்கும் இல்லை.

பழங்குடி என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடக்குவதும் தவறு. நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மொழி வழக்கு, தனித் தொழில்.

இன்னொரு தவறு, வாக்கியத்துக்கு வாக்கியம் இறந்தகாலத்தில் எழுதுவது. "இருளர்கள் பாம்பு பிடித்து வந்தனர்" என்று ஒரு வரைவில் படித்தேன். சென்னை அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கிலிருந்தும் நஞ்செடுத்து, நச்சுமுறிவு மருந்து தயாரிப்புக்குக் கொடுத்து வந்திருக்கிறது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃபுளோரிடா சதுப்புநிலத்துக்குப் போய், அதுவரை பார்த்தே இராத நிலத்தில் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் பதிந்த தடம், எச்சம், உரித்த சட்டை, எலிவளையின் வாய் என்று பார்த்துப் பார்த்து முடிவெடுக்கும் அறிவு அது. புதிய நிலத்துக்கும் ஏற்ப மாறத் தெரிந்த அறிவை அருங்காட்சியகப் பொருள்போல எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததோடு ஊரை மறந்துவிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மாணவி ஒருத்தி வரைவைத் தமிழிலேயே அச்செடுத்துக்கொண்டு போய், ஊர்ப் பொதுவிடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினாள். பிரசவ மருந்து பற்றிய பகுதி வந்ததும் ஒரு பாட்டி கையை நீட்டி நிறுத்தினார். "இதை ஒனக்காகச் சொன்னேன் தாயி, புஸ்தகத்துக்குச் சொல்லல." மூன்று பக்கம் குறைந்தது. நீக்கியதற்கான காரணத்தை முன்னுரையில் ஒரு பத்தியாக எழுதச் சொன்னேன். தேர்வாளர் முதலில் கேள்வி கேட்டது அந்தப் பத்தியைப் பற்றித்தான்.